பன்றிக்கும் வேலை வேண்டும்



காஞ்சிபுரத்தில் நான் கல்லூரிக்குச் செல்லும் வழியில் ஒரு சேற்றுக் குட்டை உண்டு. சித்திரை வெயிலில் பன்றிகள் அதில் சுகமாகப் புரண்டுகொண்டிருக்கும். போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். இயற்பியல் கற்பிக்கும் எனக்கோ அங்கே ஒரு பாடம் தெரிகிறது.

வெயிலில் நமக்கு வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வியர்த்துக் குளிரும் திறன் பன்றிக்கு மிகக் குறைவு. எனவே அது வெளியிலிருந்து ஈரத்தைப் பூசிக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போடுவோமா? தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. விலங்கு உடலின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.83. ஆகவே 100 கிலோ எடையுள்ள பன்றியின் உடல் ஒரு டிகிரி செல்சியஸ் குறைய 83,000 கலோரி வெளியேற வேண்டும். இதற்கு 145 கிராம் நீர் ஆவியானால் போதும். ஒரு டம்ளர் தண்ணீர்தான்!

அப்படியானால் சேறு எதற்கு? உங்கள் ஒரு கையில் தண்ணீரையும் மறு கையில் களிமண் குழம்பையும் தடவிப் பாருங்கள். தண்ணீர் வழிந்தோடி விரைவில் உலர்ந்துவிடும். சேறோ ஈரத்தைப் பிடித்து வைத்து, நெடுநேரம் குளிர்ச்சி தரும். பன்றி புரள்வது அழுக்கில் கொண்ட ஆசையால் அன்று, வெப்பத்திலிருந்து தப்பவே.

பன்றிக்கு மற்றொரு தேவையும் உண்டு. அதன் மூக்கு நுனியில் நரம்புகள் நிறைந்த உறுதியான வட்டு இருக்கிறது. அதுவே அதற்குக் கையும் மண்வெட்டியும் ஆகும். அதைக் கொண்டு மண்ணைக் கிளறிக் கிழங்கும் புழுவும் தேடும்.

2019 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்துள்ள காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. ‘தானுவாஸ் கே.பி.எம். கோல்டு’ என்னும் பன்றி இனத்தை உருவாக்கியது இந்நிலையமே. இதில் வெள்ளை யார்க்‌ஷயர் இனத்தின் இரத்தம் முக்கால் பங்கு. நாட்டுப் பன்றியின் இரத்தம் கால் பங்கு.

இவ்வாறு இனம் மாறினால் இயல்பும் மாறிவிடுமா? ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஸ்டோல்பா, வுட்-குஷ் என்ற அறிஞர்கள் பண்ணைப் பன்றிகளைத் திறந்தவெளியில் விட்டுப் பார்த்தார்கள். தீனி கொடுத்தும்கூட, அவை பகற்பொழுதில் ஏறக்குறையப் பாதியை மேய்வதிலும் மண் கிளறுவதிலுமே கழித்தன. அம்முடிவுகள் 1989இல் வெளிவந்தன. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் வளர்ந்தும் அந்த உந்துதல் அழியவில்லை.

அப்படிப்பட்ட விலங்கை வெறும் சிமெண்டுத் தரையில் அடைத்தால் என்ன ஆகும்? நெசவாளியின் கையிலிருந்து நாடாவைப் பிடுங்கிக்கொண்டு, “மூன்று வேளையும் சோறு தருகிறேன், சும்மா இரும்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? கிளற ஏதுமில்லாத பன்றி அடுத்ததன் வாலைக் கடிக்கிறது. புண்ணாகிறது, சீழ் வைக்கிறது. பன்றிக்கு வேதனை, பண்ணைக்காரருக்கு நட்டம். நெரிசலும் வெப்பமும் தீனிக் குறையும் இதைத் தூண்டுவதுண்டு.

பல நாடுகளில் இதற்குக் கண்ட வழி, குட்டியிலேயே வாலை நறுக்கிவிடுவது! கடிக்க வாலில்லை; ஆனால் கடிக்கத் தூண்டிய காரணம் அப்படியே இருக்கிறது. வழக்கமாக வாலை நறுக்கக் கூடாது, வைக்கோல் போன்ற கிளறும் பொருளை எப்போதும் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது. ஆயினும் அங்கே பல பண்ணைகளில் நறுக்குவது இன்றும் நிற்கவில்லை.

கிளறும் பொருள் தருவதைச் ‘சூழல் வளமூட்டல்’ என்பர். இரும்புச் சங்கிலியைத் தொங்கவிட்டால் பன்றிக்குச் சீக்கிரம் சலித்துவிடும். மெல்லவும், கிழிக்கவும், கிளறவும், தின்னவும் ஏற்ற பொருளே அதன் ஆவலைத் தணிக்கும். நம் ஊரில் வைக்கோலுக்கும் பசுந்தழைக்கும் பஞ்சமா? அவ்வப்போது மாற்றிப் போட்டு, வெயில் நேரத்தில் நீரும் தெளித்தால் இன்னும் நல்லது.

பன்றிக்கு இவ்வளவு மனம் உண்டா என்று ஐயுறுகிறீர்களா? அமெரிக்காவில் நான்கு பன்றிகள் மூக்கால் ஒரு பிடியை அசைத்துத் திரையிலுள்ள புள்ளியை இலக்குக்கு நகர்த்தக் கற்றுக்கொண்டன. இந்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று.

நமக்காக ஒரு விலங்கை அடைத்து வைக்கிறோம். தீனியும் நீரும் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடுமா? அடுத்த முறை சேற்றில் புரளும் பன்றியைக் காணும்போது, மூக்கைப் பிடிப்பதற்கு முன் ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள்.