கட்டுமரமும் ‘கேட்டமரா’னும்

சென்ற ஞாயிறு மாலை என் மகனை அழைத்துக்கொண்டு ஹுசேன் சாகரக் கரைக்குச் சென்றிருந்தேன். ஏரியில் பாய்ப்படகுகள் சில ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று, ஒடுங்கிய இரு படகுகளை அருகருகே வைத்துப் பிணைத்தாற்போல் இருந்தது. “அப்பா, அதற்குக் ‘கேட்டமரான்’ என்று பெயர், ஆங்கிலச் சொல்” என்றான் பையன்.

இந்நகரிலே பிறந்த பிள்ளை, அவன்மேல் குற்றமில்லை. என் தாய்வழிப் பாட்டனார் தரங்கம்பாடியை அடுத்ததொரு குப்பத்தில் கட்டுமரம் செலுத்தியவர் என்பதை நான் அவனிடம் சொன்னதேயில்லை. பள்ளியில் உடன் பயின்றோரிடம் மறைத்துப் பழகிய நாக்கு, பின்னர் வீட்டிலும் எழவில்லை.

அன்றிரவு சொன்னேன். கட்டுமரம் என்பது மரங்களைக் கட்டியது, அவ்வளவே. ஆணி இல்லை, பலகை இல்லை. இலேசான மரங்களைச் செதுக்கி, நடுமரம் சற்றே தாழவும் ஓரமரங்கள் உயரவும் வைத்துக் கயிற்றால் இறுக்குவர். மேலே ஏறிய அலை இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். இறைக்க வேண்டியதில்லை, மூழ்குவதற்கு அதில் குழிவே இல்லை. கரைக்கு வந்ததும் பாட்டனார் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவார். நீர் ஊறினால் மரம் கனத்துவிடுமன்றோ! மறுநாள் விடியுமுன் இருளிலேயே மீண்டும் கட்டுவார். அம்முடிச்சை நான் கற்றுக்கொள்ளவில்லை.

சென்னையில் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் அலைக்கு அப்பால் தொலைவிலேயே நங்கூரமிடும். அவற்றுக்குக் கடிதம் கொண்டுசெல்வோர் கட்டுமரக்காரரே. கூம்பு வடிவான தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொள்வர். ஆள் நனைந்தாலும் தபால் நனையாது. இன்று நாம் அனுப்பும் தபாலுக்கும் அத்தகைய காவல் இருந்தால் நன்றாயிருக்கும்!

வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட பயண நூலிலேயே இச்சொல் சோழமண்டலக் கரைக்குரியதாகக் காணப்படுகிறது. பசிபிக் தீவினர் தொன்றுதொட்டுச் செலுத்திய இரட்டைப் படகு வேறு. 1876-இல் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் அவ்வகைப் படகொன்றை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி ஏனையோரை முந்தினார். தோற்றவர்கள் ஆட்சேபம் எழுப்பினர். நாளடைவில் நம் சொல் அந்த இரட்டைப் படகின் பெயராகவே நிலைத்துவிட்டது. பெயர் நம்முடையது, படகு பிறருடையது.

பாட்டனாரின் மரங்களை 2004 ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. பின்னர் எங்கள் குப்பத்தில் பைபர் படகுகளே மிகுந்தன. எஞ்சின் பூட்டிய அப்படகில் விரைந்து சென்று திரும்பலாம். என் மாமனும் அதிலேதான் கடலுக்குப் போகிறார். அவரைக் குறை கூற எனக்கு என்ன உரிமை? நான் கோப்புக் கட்டுகிறவன்.

ஒரேயொரு மரம் மட்டும் கரையில் ஒதுங்கிற்று. அது இன்று மாமன் வீட்டுத் திண்ணையோரம் உட்காரும் கட்டையாகக் கிடக்கிறது. கயிறு அரைத்த தடம் அதில் இன்னும் தெரியும். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்று பையன் பிடிவாதம் செய்கிறான். கோடை விடுமுறைக்குப் பாஸ் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.