ஓசையில்லாத வீட்டு நூலகம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கணினி என்றவுடன் நம் கண்முன் நிற்பது, மேசை மீது அமர்ந்து, விசிறி இரைய, சூடேறிக் கொண்டிருக்கும் ஒரு பெரிய பெட்டிதான். சட்டைப் பையில் அடங்கும் கணினியும் உண்டு. அதைக் கொண்டு, ஒரு வீட்டிற்கு வேண்டிய பாடல்கள், படங்கள், நூல்கள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்து, வீட்டிலுள்ள எந்தக் கைபேசியிலும் கேட்கவும் காணவும் படிக்கவும் வழி செய்யலாம். இதனை ‘மீடியா சர்வர்’ என்பர். தமிழில் ஊடக வழங்கி எனலாம். மேலநீலிதநல்லூரில் எங்கள் வீட்டில் நான் அமைத்துள்ள அத்தகைய கருவியைப் பற்றி மாணவ நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒற்றைப் பலகைக் கணினி

செயலி, நினைவகம், இணைப்பு வாய்கள் ஆகிய அனைத்தும் ஒரே பலகையில் அமைந்ததே ஒற்றைப் பலகைக் கணினி. இவற்றுள் புகழ்பெற்றது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவான ராஸ்பெரி பை. மாணவர்கள் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்ற நோக்கத்துடன், ஏறத்தாழ ஏ.டி.எம். அட்டையின் அளவில், 35 டாலர் விலையில், 2012 பிப்ரவரி 29 அன்று அது விற்பனைக்கு வந்தது. நான் பயன்படுத்துவது 2019-இல் வெளிவந்த நான்காம் வகை. அதையும் பழையதாகவே வாங்கினேன்.

இதன் உயிர்நாடி ‘ஆர்ம்’ எனும் செயலி. அதே கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனத்தைச் சேர்ந்த சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் இதனை வடிவமைத்தனர். 1985-இல் முதல் சில்லைச் சோதித்தபோது அது நன்றாக வேலை செய்தது. ஆனால் மின்னோட்டத்தை அளக்கும் கருவியோ சுழியத்தைக் காட்டியது! ஆராய்ந்தபோது, சில்லுக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை என்பது தெரிந்தது. மற்ற இணைப்புகளின் வழியே கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது இயங்கியிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது. நம் கைபேசிகளில் இன்று இயங்குவனவும் அதன் வழிவந்த செயலிகளே.

மின் கணக்கு

வழங்கி இரவும் பகலும் இயங்க வேண்டிய கருவி. ஆகவே மின் செலவே முதற்கேள்வி. 80 வாட் எடுக்கும் மேசைக் கணினி ஒன்று இடைவிடாது ஓடினால் நாளொன்றுக்கு 1.92 யூனிட், 60 நாட்களில் 115.2 யூனிட். 2016-இல் தமிழக அரசு வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்க முன்வந்தது. அந்த அளவு முழுவதையும் அந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும்! சிறு பலகையோ சராசரியாக 5 வாட் எடுப்பதாகக் கொண்டால், 60 நாட்களில் 7.2 யூனிட்தான். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஓசை ஏன் இல்லை?

என் தந்தையார் சங்கரன்கோவிலில் விசைத்தறியில் இரவு வேலை செய்பவர். விடிய விடியத் தறியின் இரைச்சலைக் கேட்டவர், பகலில்தான் உறங்க வேண்டும். எங்களுக்கு இருப்பதோ ஒரே அறை. எனவே சுழலும் பொருள் எதுவும் கருவியில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். விசிறிக்குப் பதிலாக அலுமினிய உறை வெப்பத்தைக் கடத்திக் காற்றில் விடுகிறது. சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனும் திண்மச் சேமிப்பகத்தை யு.எஸ்.பி. வழியே இணைத்துள்ளேன். வெப்பம் 80 பாகை செல்சியசை நெருங்கினால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே நம் சித்திரை வெயிலில் இதனை மூடிய அலமாரியில் வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் வைத்தல் நன்று.

தபால்காரரும் மொழிபெயர்ப்பாளரும்

இவ்வளவு சிறிய கருவி படங்களைத் தடையின்றிக் காட்டுமா என்ற ஐயம் எழலாம். தபால்காரர் கடிதத்தைப் பிரிப்பதில்லை. கொண்டு சேர்ப்பதோடு சரி. கைபேசிக்குப் புரியும் எச்.264 போன்ற வடிவில் படம் இருந்தால், வழங்கியின் வேலையும் அவ்வளவே. வேறு வடிவில் இருந்தால், ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துக் கொடுப்பது போல் உருமாற்ற வேண்டும். அங்கேதான் சிறு செயலி திணறும். எனவே கோப்புகளை முன்கூட்டியே ஏற்ற வடிவுக்கு மாற்றி வைத்தல் வேண்டும். ஜெல்லிஃபின் எனும் கட்டற்ற மென்பொருள் பாடல்களையும் படங்களையும் வரிசைப்படுத்தித் தருகிறது. வீட்டிற்குள் வைஃபை ரௌட்டர் ஒன்றிருந்தால் போதும். இணையச் செலவு கிடையாது.

திடீர் மின்தடை, எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைச் சிதைத்துவிடக்கூடும். அதற்குச் சிறு யு.பி.எஸ். ஒன்று காவல்.

எதைச் சேர்ப்பது?

பிளஸ் டூ படிக்கும் என் தங்கைக்காக, கிவிக்ஸ் மென்பொருளின் துணையால் தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை பதிவிறக்கி வைத்துள்ளேன். 1998-இல் தொடங்கிய மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் இலவசமாக வழங்கும் நூல்களும் உள்ளன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாடப் புத்தகம் தவிர வேறு நூல் இல்லாத வீட்டில், இன்று சங்க இலக்கியமே இருக்கிறது. அம்மா பீடி சுற்றிக்கொண்டே, உறவினர் கோவில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டைக் கேட்கிறார்.

இவை அனைத்தினும் விலைமதிப்பற்ற கோப்பு ஒன்று உண்டு. கடந்த ஆண்டு மறைந்த என் பாட்டி பாடிய களையெடுப்புப் பாட்டுகள் பதினொன்று, ஒரு பழைய கைபேசியின் அட்டையில் மட்டுமே இருந்தன. இப்போது அவை வழங்கியிலும், வேறு வீட்டில் வைத்துள்ள மற்றொரு பிரதியிலும் உள்ளன. விக்கிப்பீடியா அழிந்தால் மீண்டும் பதிவிறக்கலாம். பாட்டியின் குரலை எந்த இணையத்திலிருந்து பதிவிறக்குவது?

நண்பர்களே! உலகம் காக்கும் செல்வங்களை உலகம் பார்த்துக்கொள்ளும். நம் வீட்டில் மட்டுமே இருப்பதை நாம்தான் காக்க வேண்டும். வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியோரின் பாட்டையும் கதையையும் பதிவு செய்யுங்கள். அவற்றைக் காக்கும் கருவிக்கு 5 வாட் மின்சாரமே போதும்.