முத்தின் தரம் எந்தச் சிப்பியின் கையில்?

மெல்பர்னின் டண்டினொங் நகைக்கடைகளில் முத்துமாலை வாங்குபவர்கள் முதலில் ஊரைத்தான் விசாரிப்பார்கள்: ஆஸ்திரேலியாவின் புரூம் கடல் முத்தா, சீனத்து நன்னீர் முத்தா? அதைவிட முக்கியமான கேள்வி, எந்தச் சிப்பியின் சதையில் அது உருவானது என்பது. வளர்ப்பு முத்துக்கு இரண்டு சிப்பிகள் வேண்டும். ஒன்றைக் கொன்று, அதன் ஓட்டை ஒட்டிய மேன்டில் சதையைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். அமெரிக்க நன்னீர்ச் சிப்பியின் ஓட்டில் கடைந்த மணியோடு ஒரு துண்டை உயிருள்ள இன்னொரு சிப்பியின் உடலில் வைக்கிறார்கள். சீன நன்னீர்ச் சிப்பிக்குப் பெரும்பாலும் மணியே வைப்பதில்லை; சதைத் துண்டு மட்டும் போதும். அந்தத் துண்டு பை போல வளர்ந்து முத்துப் பூச்சைச் சுரக்கிறது. சதை கொடுத்த சிப்பி அன்றே இறந்துவிட்டாலும், அதன் மரபணுக்கள் அந்தப் பையில் வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

குவீன்ஸ்லாந்தின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளி உதட்டுச் சிப்பிக்கும் கருப்பு உதட்டுச் சிப்பிக்கும் இடையே சதையை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். முத்தின் நிறம் சதை கொடுத்த இனத்தையே ஒத்திருந்தது. அதே குழு வெள்ளி உதட்டுச் சிப்பிக்கு மரபணு வரைபடம் தயாரித்து, சதை கொடுக்கும் சிப்பிகளில் முத்தின் தரத்தோடு தொடர்புள்ள இடங்களைத் தேடி 2014இல் முடிவுகளை வெளியிட்டது. சீனாவில் ஷாங்காய் பெருங்கடல் பல்கலைக்கழகம் ஊதா ஓட்டு நன்னீர்ச் சிப்பிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததும் சதை கொடுக்கும் சிப்பியை மேம்படுத்தத்தான்.

தண்ணீரும் தீனியும் அறுவை செய்பவரின் கையும் தரத்தைக் கெடுக்காதா? கெடுக்கும். அளவிலும் உருவத்திலும் முத்தைச் சுமக்கும் சிப்பிக்கும் கைத்திறனுக்கும் பெரும் பங்குண்டு. ஆனால் நிறத்துக்கும் பளபளப்புக்கும் சதை கொடுக்கும் சிப்பியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், வேறெங்கே உழைத்தாலும் பாதிப் பலன்தான். சில குடும்பங்களை மட்டும் பெருக்கினால் மரபணு வளம் குறுகும் என்ற அச்சமும் நியாயமானதே. இயற்கைச் சிப்பிகளையும் அவ்வப்போது இனவிருத்தியில் சேர்ப்பதுதான் அதற்கு மருந்து.

இந்தியாவில், தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தது 1973இல். இன்று புவனேஸ்வரத்தின் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் குளத்துச் சிப்பியில் முத்து வளர்க்கப் பயிற்சி தருகிறது. எந்தச் சிப்பியின் சதையில் எந்த முத்து வந்தது என்று வளர்ப்பவர் பதிந்து வைக்காவிட்டால், எத்தனை விலை உயர்ந்த மரபணுக் கருவி வந்தாலும் ஒப்பிட எதுவும் இருக்காது. வரைபடத்துக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அதைப் பயிற்சியின் முதல் பாடமாக்க வேண்டும்.