வீட்டுத் தொட்டியில் பவளம்: ஆசைப்படுமுன் அறிய வேண்டியவை

மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற பெருநகரங்களின் வணிக வளாகங்களிலும், பல் மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளிலும் நீலவெளிச்சம் படர்ந்த உப்புநீர்த் தொட்டிகளை இன்று காண்கிறோம். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். 'நம் வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன?' என்ற கேள்வி அன்று மாலையே எழும்புகிறது. தங்கமீன் வளர்த்துப் பழகிய தகப்பனாரும், 'மீன் தொட்டிதானே, தண்ணீரில் உப்பைக் கலந்தால் ஆயிற்று' என்று எண்ணிவிடுகிறார். பணமும் உயிர்களும் ஒருசேர வீணாவதற்குப் பெரும்பாலும் இந்த எண்ணமே காரணம்.

பவளம் கல் அன்று, செடியும் அன்று. அது ஒரு விலங்கு. கல்போல் நமக்குத் தோன்றுவது, பாலிப் எனப்படும் ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள கால்சியத்தைக் கொண்டு தங்களுக்குக் கட்டிக்கொண்ட வீடு. அந்தப் பாலிப்பின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியை உணவாக்கித் தாங்கள் தங்கியிருக்கும் உயிருக்கும் பங்கு கொடுக்கின்றன. பல பவளங்களுக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரையிலும் இவ்வாறே கிடைக்கிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இப்பாசிகளால் ஆனது. தண்ணீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடிச் சில வாரங்கள் அப்படியே நின்றால், இந்த உறவு முறிந்துபோகிறது. பாசிகள் வெளியேற்றப்படுகின்றன, பவளம் வெளுக்கிறது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் விரைவில் குளிர்ந்தால் மீளும், இல்லையேல் மடியும்.

முதலாவது, சட்டம்

எப்படி வளர்ப்பது என்று கேட்பதற்கு முன்னே, எதை வளர்க்கலாம் என்று கேட்பது அவசியம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழாய்ப்பவளம், நெருப்புப்பவளம், கடல்விசிறி ஆகியவை அதில் அடங்கும். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, முதல் அட்டவணை உயிர்களைச் சார்ந்த குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

ஆனாலும் நகரத்துக் கடைகள் சிலவற்றில் கல்பவளம் விலைக்கு வைக்கப்படுகிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. 'எல்லாரும் வாங்குகிறார்கள், ஒன்றும் ஆகாது' என்று கடைக்காரர் சொல்லுவார். அவரிடம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணத்தையும் பெயர் குறித்த ரசீதையும் கேளுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். 'லைவ் ராக்' என்ற பெயரில் விற்கப்படும் பாறையும் பெரும்பாலும் பழைய பவள எலும்பே. இறந்த பவளம் என்பதால் அது சட்டத்துக்கு வெளியே போய்விடாது. சுட்ட களிமண்ணாலும் சிமென்ட்டாலும் செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. சில மாதங்களில் அவற்றின்மேல் பாசியும் நுண்ணுயிர்களும் படிந்து, கடலிலிருந்து எடுத்ததைப் போலவே காட்சியளிக்கும். அட்டவணையில் பெயரில்லாத மென்பவளங்களைப் பற்றி ஐயமிருந்தால் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுவதே நல்லது.

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் வீட்டில் பவளத்தொட்டியைப் பார்த்திருக்கலாம். அங்கே பண்ணைகளில் துண்டு நட்டு வளர்த்த பவளங்கள் முறைப்படி விற்கப்படுகின்றன. அதற்காக, விடுமுறைக்கு வரும்போது ஒரு துண்டைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரச் சொல்லுவது தகாது. பன்னாட்டு சைட்டிஸ் உடன்படிக்கையின்படி கல்பவளம் எல்லை கடப்பதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும்.

இனிச் சொல்பவை, முறையான ஆவணத்தோடு பவளம் வைத்திருப்போருக்கும், அயல்நாட்டில் வாழும் நம்மவருக்கும் பயன்படும். பவளமே இல்லாமல் கோமாளி மீனும் இறாலும் மட்டும் வைக்க விரும்புவோருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தண்ணீரின் நிதானம்

வீட்டிலே பவளம் வாழ முடியும் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961ஆம் ஆண்டு அவர் எழுதி வெளியிட்ட முறையில் சிக்கலான கருவிகள் இல்லை. கடல்நீர், உயிருள்ள பாறை, காற்றுக்குமிழி, வெயில், இவ்வளவே. ஆனால் கடல் அவருக்கு அருகிலிருந்தது. நாமோ அடுக்குமாடியில் நான்காம் மாடியில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோடு இருக்கிறோம்.

பவளம் விரும்பும் அளவுகள் புதிரானவை அல்ல. வெப்பம் 24 முதல் 26 டிகிரி வரை. உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். மக்னீசியம் 1,300 அளவில். காரத்தன்மை ஜெர்மானிய அளவுகோலில் 8 அல்லது 9. இந்த எண்களை ஒருநாள் எட்டிப்பிடிப்பது எளிது. அவற்றை மாதக்கணக்கில் அசையாமல் வைத்திருப்பதே பிரயாசம். கொஞ்சம் குறைவான எண்ணில் நிலையாய் நிற்கும் தொட்டி, உயர்ந்த எண்ணுக்கும் தாழ்ந்த எண்ணுக்குமாய் அலையும் தொட்டியைவிட மேலானது.

இரண்டு காரியங்களை மட்டும் சற்று விரித்துச் சொல்லுவோம். ஒன்று, ஆவியாதல். தொட்டியிலிருந்து போவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே நின்றுவிடுகிறது. 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் வீதம் பத்து நாள் குறைந்தால், உவர்ப்பு 35இலிருந்து ஏறக்குறைய 39க்கு ஏறிவிடும். இதைச் சரிசெய்ய உப்புநீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது நிலைமையை இன்னும் கெடுக்கும். குறைந்த அளவுக்கு நன்னீரையே, அதுவும் நாள்தோறும் ஊற்ற வேண்டும். கோடை விடுமுறையில் குடும்பமாய் ரயிலேறிச் சொந்த ஊர் போய்விட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்புகிறவர்களின் தொட்டிகள் பல இப்படித்தான் அழிகின்றன. மிதவை வைத்த தானியங்கி நீர்நிரப்பியும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல அயலகத்தாரும் இல்லாதவர்கள் இப்பொழுதுபோக்கில் இறங்காதிருப்பதே நலம். அயலகத்தாரிடம் உணவுப் பொட்டலத்தை மொத்தமாய்க் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அன்பின் மிகுதியால் ஒரே நாளில் கொட்டிவிடுவார்கள்! ஒரு நாளைக்கு ஒரு சிறு பொட்டலம் என்று தனித்தனியே மடித்து வையுங்கள்.

மற்றொன்று, காரத்தன்மை. பவளம் எலும்பு கட்டும்போது கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்தே செலவாகின்றன. கால்சியம் வெறும் 20 மில்லிகிராம் குறையும் வேளையில் காரத்தன்மை 2.8 அலகு இறங்கிவிடுகிறது. ஆகையால் கால்சியத்தைச் சோதித்துப் பார்த்து எல்லாம் நலம் என்று இருப்பவர், உண்மையான சரிவைக் காணத் தவறுகிறார். வாரம் ஒருமுறை, வளர்ச்சி மிகுந்த தொட்டியில் இன்னும் அடிக்கடி, காரத்தன்மையைச் சோதிக்க வேண்டும். இவ்விரண்டையும் ஈடுசெய்யும் பழைய வழி தெளிந்த சுண்ணாம்பு நீர். இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வேகமாய் ஊற்றினால் அதன் கடுமையான காரம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்போ, சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்போ இதற்கு ஆகாது. தூய்மையான கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும். தூத்துக்குடிக் கரையில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டியெடுத்துக் காளவாயிலிட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். இன்று அதே சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறோம்.

தூத்துக்குடி என்றதும் இன்னொன்று: அங்கிருந்து வரும் நல்ல கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதோ என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. உப்பளப் பாத்தியில் முதலில் ஜிப்சம் படிந்து கால்சியத்தைக் கொண்டுபோய்விடுகிறது. மக்னீசியமோ, உப்பை வாரிய பின் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நம் கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. தொட்டிக்கென்று விற்கப்படும் கலவை உப்பே வேண்டும். அதைக் கரைக்கும் தண்ணீரும் சுத்தமாயிருக்க வேண்டும். வீட்டிலுள்ள ஆர்.ஓ. கருவி போதுமென்று எண்ணாதீர்கள். குடிநீருக்குச் சுவை தருவதற்காகப் பல கருவிகள் தாதுக்களை மீண்டும் கலந்துவிடுகின்றன. டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வரும் தண்ணீரே தேவை.

வெயிலும் மின்வெட்டும்

தில்லிக் கோடையில் குளிர்விக்கும் சில்லர் இல்லாமலும், தில்லிக் குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாமலும் பவளம் பிழைக்காது. தண்ணீரின்மேல் வீசும் சிறு மின்விசிறி வறண்ட ஊர்களில் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். மும்பையின் மழைக்காலத்தில் காற்றே ஈரமாயிருப்பதால் அதன் பயன் குறைந்துவிடும்; விசிறி வைத்த நாட்களில் ஆவியாதலும் கூடும் என்பதை மறவாதீர்கள்.

மின்சாரம் நின்றால் பலர் விளக்கைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். இருட்டைப் பவளம் ஓரிரு நாள் தாங்கிக்கொள்ளும். நீரோட்டம் நின்றுபோவதைத்தான் தாங்காது. சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறைந்து, முதலில் மீன்கள் மடியும். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் விளக்கை இணைக்காமல் நீரோட்டப் பம்பை மட்டும் இணையுங்கள். இல்லாதவர்கள் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைத் தயாராக வைத்திருக்கட்டும். உப்புநீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் இ.எல்.சி.பி. பொருத்தாத வீட்டில் இத்தொட்டி வேண்டவே வேண்டாம்.

எடையையும் யோசியுங்கள். 200 லிட்டர் தொட்டி, பாறையும் கண்ணாடியும் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். வாடகை வீட்டில் வீட்டுக்காரரின் சம்மதம் கேட்காமல் வைக்கத்தக்க பொருள் அல்ல அது.

அவசரம் ஆகாது

தண்ணீரும் பாறையும் வைத்தபின் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை எந்த உயிரையும் விடக்கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது. பிள்ளைகளுக்கு இது நீண்ட காத்திருப்பு. வாரந்தோறும் சோதனைக் குழாயில் நிறம் மாறுவதைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பே ஒரு பாடமாகும்.

நோயைக் கண்டுகொள்ளவும் கற்க வேண்டும். திசு இருந்து நிறம் மட்டும் வெளிறினால் வெப்பமோ ஒளியோ மிகுந்துவிட்டது, புதிய எல்.இ.டி. விளக்கை முழு வேகத்தில் எரியவிட்டவர்கள் இதைக் காண்பார்கள். நிறம் பழுப்பாக மாறினால் ஒளி போதவில்லை, அல்லது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்துவிட்டன. அடியிலிருந்து திசு உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தால் காரத்தன்மை திடீரென ஏறியிறங்கியதா என்று பாருங்கள். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்ததென்று செம்பு கலந்த மருந்தை அதே தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். செம்பு பவளத்தையும் இறாலையும் கொல்லும். மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பொத்தான்போல் அழகாய் விரியும் ஜோவாந்தஸ் வகை மென்பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிநீரில் இட்டால் நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். தொட்டி வேலை செய்த வாளியைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.

வேலை மாற்றம் வந்து வேறு நகருக்குப் போக நேரிடும்போது தொட்டியைக் கலைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். மீன்களை ஏரியிலோ கடலிலோ விட்டுவிடுவது இரக்கமான செயலாகத் தோன்றும், அப்படியன்று. தொட்டி அலங்காரத்துக்கு வளர்க்கப்பட்ட கௌலெர்ப்பா என்ற பாசி, 1984ஆம் ஆண்டு மொனாக்கோ கடலருங்காட்சியகத்தின் கீழேயுள்ள கடலில் ஒரு சிறு திட்டாகக் காணப்பட்டது. பின்னர் அது மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளுக்குப் பரவி, அங்குள்ள கடற்புல் வெளிகளை மூடியது. உயிர்களை இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். உப்புநீரைச் செடிகளுக்கு ஊற்றாமல் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். பாறைகளை நன்னீரில் ஊறவைத்து, பல நாள் வெயிலில் காயவைத்த பின்னரே மூட்டை கட்டுங்கள்.