சாதம் உதிரியா வருமா, ஒட்டுமா... முடிவு செய்வது யார்? அரிசிக்குள் இருக்கும் 'வேக்ஸி' ஜீன்!

ஒரே குக்கர், ஒரே அளவு தண்ணீர். ஆனா ஒரு அரிசி உதிரி உதிரியா வருது, இன்னொண்ணு குழைஞ்சு ஒட்டிக்குது. சமைச்சவங்க மேல பழி போடாதீங்க! நெல்லின் 6-வது குரோமோசோமில் இருக்கும் 'வேக்ஸி' என்ற மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்பதிலும் இதன் கை இருக்கிறது.

அரிசிக்குள் என்ன இருக்கு?

அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டுமே குளுக்கோஸைக் கோத்துச் செய்த சங்கிலிகள்தான். அமைலோஸ் ஏறக்குறைய நேரான சங்கிலி. அமைலோபெக்டின் மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்தது. அமைலோஸ் அதிகம் இருந்தால் சாதம் உதிரியாக நிற்கும், ஆறியதும் விறைத்துப் போகும். குறைந்தால் ஒட்டும்.

ஒரு எழுத்து மாறினா என்ன ஆகும்?

அமைலோஸை உருவாக்கும் நொதியைத் தயாரிப்பதற்கான குறிப்பு, வேக்ஸி ஜீனில்தான் இருக்கிறது. 'கறி' என்பதில் ஒரு எழுத்து மாறினால் 'கரி' ஆகிவிடும் இல்லையா? அதுபோலத்தான் இங்கேயும். ஜப்பானிய வகை அரிசிகளில் இந்த ஜீனின் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதால், நொதி குறைவாகவே உருவாகிறது. அமைலோஸும் பொதுவாக 20 சதவீதத்துக்குக் கீழேதான். லாவோஸ், தாய்லாந்து மக்கள் உருட்டிச் சாப்பிடும் ஒட்டரிசியில், 23 எழுத்துகள் இரண்டு முறை வந்து குறிப்பே குழம்பிவிடுகிறது. அதனால் அமைலோஸ் கிட்டத்தட்ட பூஜ்யம்!

'வேக்ஸி' என்றால் மெழுகு போன்றது என்று அர்த்தம். சீனாவிலிருந்து அமெரிக்கா போன ஒரு மக்காச்சோளத்தின் மணி, உள்ளே மெழுகு போலத் தெரிந்ததால் 1909-ல் வந்த பெயர் இது.

சுகர் இருப்பவர்கள் கவனத்துக்கு

அமைலோஸ் அதிகமுள்ள அரிசி பொதுவாக மெதுவாகச் செரிக்கும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓவும் 235 நெல் ரகங்களை ஆராய்ந்தன. கிளைசெமிக் இண்டெக்ஸ் எனப்படும் சர்க்கரை ஏற்றும் குறியீடு, ரகத்துக்கு ரகம் 48 முதல் 92 வரை இருந்தது. 55-ம் அதற்குக் கீழும் குறைந்த அளவு. இந்தியாவில் பரவலாக விளையும் 'ஸ்வர்ணா' குறைந்த பட்டியலில் வந்தது. இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணமாக அவர்கள் காட்டியதும் வேக்ஸி ஜீனைத்தான்.

அதனால 'அரிசின்னாலே சுகர்' என்று எல்லா ரகத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அதே நேரம், நல்ல ரகமாகவே இருந்தாலும் மலை போல் குவித்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ரகமும் முக்கியம், அளவும் முக்கியம்!