கானாவுக்கு விளம்பரம் வேண்டுமா?

சென்ற மாதத்தில் ஒரு மாலை, இராயபுரத்து இளைஞர் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். பகலில் திருவொற்றியூர்ப் பக்கத்துக் கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதுகிறார். இரவில் கானா பாடுகிறார். தாமே பாட்டுக் கட்டி, நண்பர்கள் உதவியால் ஒலிப்பதிவும் செய்து வைத்திருக்கிறார். சினிமாக் கம்பெனியின் ஆதரவு கிடையாது. பெரிய இசைக் கம்பெனியின் ஆதரவும் கிடையாது. கையிலிருப்பது ஐயாயிரம் ரூபாய். "சார், இதை இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் போடலாமா, வேண்டாமா? நீங்கள் வக்கீல், பத்திரிகையும் நடத்துகிறீர்கள். நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

இதற்கு முன் ஒரு முறை அவர் மூவாயிரம் ரூபாய் இழந்திருக்கிறார். ஒரே வாரத்தில் ஐம்பதினாயிரம் பேரைக் கேட்கச் செய்வதாக ஒரு தரகர் வாக்களித்தாராம். வாக்களித்தபடியே எண்ணும் ஏறிற்று. ஆனால் பாட்டைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு கச்சேரிக்கும் அழைப்பு வரவில்லை. எண் இருந்தது, கேட்டவர் இல்லை. அன்று அவருக்கு நாம் திருப்தியான பதில் கூற இயலவில்லை. யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறோம். அவரைப் போன்ற இளைஞர்கள் இராயபுரம் முதல் எண்ணூர் வரை தெருவுக்குத் தெரு இருக்கிறார்களாதலால், இது ஒருவருடைய கேள்வி அன்று.

முதலில் ஒரு தயக்கத்தைப் போக்கிவிடுவோம். பாட்டுக்கு விளம்பரம் செய்வது கலைக்கு இழுக்கு என்று கருதுவோர் உளர். சென்னைப் பட்டணத்தின் பழைய வழக்கம் அவர்களுக்கு மறந்துபோயிற்று. குஜிலிக் கடையில் மலிவான தாளில் அச்சாகிய பாட்டுப் புத்தகங்கள் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற காலம் ஒன்று இருந்தது. வெள்ளம், கொலை, ரயில் விபத்து, விலைவாசி எதுவாயினும் அது நடந்த சூட்டிலேயே பாட்டாகிவிடும். விற்பவன் சந்தையிலும் தெரு முனையிலும் நின்று அதைப் பாடிக் காட்டுவான், கூட்டம் சேரும், பிடித்தவர் வாங்குவர். எந்தத் தெருவில் எந்தப் பாட்டு விலைபோகும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இன்று 'குறிவைத்த விளம்பரம்' என்று பெரிய பெயரால் அழைக்கப்படும் வித்தையை அவன் தன் காலாலும் தொண்டையாலும் செய்து வந்தான். ஆகவே விளம்பரத்தில் வெட்கத்துக்கு இடமில்லை. தெரு யாருடையது என்பதுதான் இன்று மாறியிருக்கிறது.

பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் மெட்டா என்னும் ஒரே கம்பெனியின் உடைமைகள். அங்கே விளம்பரம் விற்கப்படும் முறையைக் காசிமேட்டு வாசிகளுக்கு விளக்குவது எளிது, அதுவும் ஏலமே. ஒருவர் தம் கைப்பேசியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், அவர் கண்முன் எந்த விளம்பரம் நிற்பது என்பதற்குக் கண்மூடித் திறக்குமுன் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. ஆனால் அதிகத் தொகை கேட்டவரே எப்போதும் வெல்வதில்லை. பார்ப்பவர் அதைத் தட்டிக் கேட்பாரா, வெறுத்துத் தள்ளுவாரா என்பதையும் கம்பெனி கணித்துச் சேர்த்துக்கொள்கிறது. ஆகையால் ஜனங்களுக்குப் பிடிக்கும் பாட்டு குறைந்த செலவிலும் இடம் பெறக்கூடும். பிடிக்காத பாட்டுக்குப் பணத்தைக் கொட்டினாலும் அதற்கேற்ற பயன் இராது. ஏழைப் பாடகனுக்கு இது ஒருவாறு சாதகமான ஏற்பாடே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காசிமேட்டில் மீனையும் காணலாம், விலை கூறும் குரலையும் கேட்கலாம். இந்த ஏலத்திலோ பணம் போன பிறகே கணக்கு வருகிறது. அந்தக் கணக்கை எழுதுகிறவரும் ஏலம் நடத்துகிறவரே.

விளம்பரம் தருபவர் ஊரைக் குறிக்கலாம். ஓரிடத்தைச் சுற்றி இத்தனை தூரம் என்று வட்டமும் போடலாம். வயது, பாஷை, எந்தவிதமான இசையில் நாட்டம் உள்ளவர் என்பவற்றையும் ஓரளவு குறிக்கலாம். இவற்றைவிட முக்கியமானது, நமக்கு வேண்டிய பயன் எதுவென்று ஆரம்பத்தில் சொல்லும் சொல். அந்த யந்திரம் சொன்னதை மட்டுமே செய்யும். 'பார்ப்பவர் வேண்டும்' என்றால், எதையும் ஒரு கணம் பார்த்து நகர்கிறவர்களை மலிவாகத் தேடித் தரும். 'தட்டுகிறவர் வேண்டும்' என்றால், விரல் சும்மா இராதவர்களைக் கொண்டுவந்து நிறுத்தும். பாட்டை முழுதும் கேட்டுத் திரும்பவும் வரக்கூடியவரை அது தானாகத் தேடுவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

இந்த உண்மையை உணராமல் எண்ணையே தெய்வமாக வணங்கினால் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரியதோர் உதாரணம் உண்டு. 2019 ஜூலையில் பாட்ஷா என்னும் புகழ்பெற்ற ஹிந்திப் பாடகரின் 'பாகல்' என்ற பாட்டு, ஒரே நாளில் யூடியூபில் ஏழரைக் கோடித் தடவை பார்க்கப்பட்டதாகச் சொல்லி, உலக சாதனை என்று கொண்டாடப்பட்டது. அவ்வெண்ணிக்கையில் விளம்பரத்துக்கும் பங்குண்டு என்று தெரியவந்தது. யூடியூப் கம்பெனி அதைச் சாதனையாக அறிவிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், பணம் கொடுத்து வந்த பார்வைகளைத் தன் சங்கீத வரிசைப் பட்டியல்களில் சேர்ப்பதில்லை என்றும் தீர்மானித்தது. கோடிகளைச் செலவிடக்கூடிய கம்பெனிகளுக்கே இதுதான் முடிவென்றால், ஐயாயிரம் ரூபாய்க்காரர் எண்ணை வாங்கி என்ன பயன்?

தரகர்கள் விற்கும் எண்ணோ இதைவிடக் கேடானது. அதில் பெரும்பகுதி யந்திரம் கேட்கும் 'கேள்வி'. மனிதச் செவி அதில் இல்லை. ஸ்பாட்டிபை கம்பெனி 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுரிமைத் தொகை தருவதில்லை என்று விதி செய்திருக்கிறது. போலிக் கேள்விகள் மிகுதியாகத் தென்பட்டால், பாட்டை ஏற்றிக் கொடுத்த நிறுவனத்துக்கு அபராதமும் விதிக்கிறது. ஆயிரத்தை எட்டும் அவசரத்தில் தரகரிடம் போகிறவர், பாட்டையே இழக்கும் அபாயத்தில் காலை வைக்கிறார்.

அப்படியானால் யாரைக் குறிவைப்பது? உலகம் முழுவதையும் குறிப்பது பேராசை. கானா எங்கே பிறந்ததோ அங்கேதான் அதன் முதல் சபை இருக்கிறது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்களின் தெருக்களில், இழவு வீட்டில் இரவு முழுதும் விழித்திருந்தவர்களின் நடுவில் வளர்ந்த பாட்டு அது. தேவா போன்றவர்களால் அதன் மெட்டு சினிமாவுக்குள் சென்றது. 2012-ல் 'அட்டகத்தி' படத்தின் மூலம் கானா பாலாவின் குரல் நாடெங்கும் கேட்டது. சினிமாப் பாட்டுக்குச் சினிமாவே விளம்பரம். சுயேச்சையாகப் பாடுகிறவருக்கு அந்தத் தோணி இல்லை. ஆகையால் அவர் முதலில் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடி ஆகிய இடங்களையே சுற்றி வட்டம் போடட்டும். அங்கே வரவேற்பு உண்டானால், பிழைப்பைத் தேடிச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போயிருக்கும் தமிழர்களை அடுத்துத் தேடட்டும். ஊரை விட்டுப் போனவன் செவி, ஊர்ப்பாட்டுக்கு எப்போதும் திறந்தே இருக்கும்.

ஆனால் விளம்பரத்தால் மட்டும் ஒரு சங்கீதம் எழுந்து நின்றதாக நாம் அறியோம். 2018 ஜனவரி 6-ந் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் முதன்முதலாக மேடையேறினர். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானாவையும் ராப்பையும் பறையையும் ஒன்றாக நேரில் கேட்ட ஜனத்திரளே அதற்கு முதல் விளம்பரமாயிற்று. அக்குழுவில் பாடிய வட சென்னைப் பெண்மணி இசைவாணியை, 2020-ல் உலகின் நூறு பெண்மணிகளுள் ஒருவராக பி.பி.சி. தேர்ந்தெடுத்தது. எண்ணூருக்கே உரிய உதாரணமும் உண்டு. 2017 ஜனவரியில், கபேர் வாசுகி இயற்றி டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. அனல் மின் நிலையச் சாம்பலால் அழியும் எண்ணூர்க் கழிமுகத்திலேயே அது படமாக்கப்பட்டது. வசைச் சொல்லாகத் தாழ்ந்துவிட்ட 'புறம்போக்கு' என்ற சொல், ஊர்ப் பொதுச் சொத்தைக் குறிப்பது என்பதை லட்சக்கணக்கானோர் அதன் பிறகே சிந்தித்தார்கள். சொல்ல வேண்டிய விஷயம் இருந்தது; அதனால் பாட்டு நடந்தது. விளம்பரம் நடக்கிற பாட்டை ஓடவைக்கலாம். படுத்த பாட்டை எழுப்பாது.

இங்கே ஒரு சங்கடத்தையும் கூற வேண்டும். 2021 டிசம்பர் முதல், சமூகப் பிரச்சினைகளைத் தொடும் விளம்பரத்தை இந்தியாவில் தருகிறவர் தம் அடையாளத்தை மெட்டா கம்பெனிக்கு நிரூபித்து, பணம் தருவது யார் என்பதையும் விளம்பரத்திலேயே காட்ட வேண்டும். சுற்றுச்சூழல் பற்றிய அரசியல் அவ்வகையில் சேர்ந்தது. விதி நியாயமானதே, ஒளிந்துகொண்டு பிரசாரம் செய்வதை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் அதன் பாரம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அம்மாதம் 26-ந் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இவற்றைப் பாடும் இளைஞரின் விளம்பரம் தாளுக்கும் தஸ்தாவேஜுக்கும் காத்துக் கிடக்கலாம். காதற்பாட்டு தடையின்றிப் போகும். ஆகவே இத்தகைய பாட்டுப் பாடுகிறவர்கள் அந்தச் சான்றுகளை முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்வது விவேகம்.

தெரு பிறருடையது என்றோமே, அதன் முழுப் பொருளும் 2020 ஜூன் 29-ந் தேதி விளங்கிற்று. அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. தடையின் நியாயத்தை இங்கே விவாதிக்கவில்லை. பல ஆண்டு உழைப்பில் லட்சம் ரசிகரைச் சேர்த்த சிற்றூர்ப் பாடகர்களும் ஆட்டக்காரர்களும் ஒரே இரவில் சபையில்லாதவர்களானார்கள். காரணம், அந்த ரசிகர்களின் விலாசம் கம்பெனியிடம் இருந்தது, கலைஞரிடம் இல்லை. ஆகையால் விளம்பரத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் கேட்பவரைக் கலைஞரின் சொந்தக் கணக்கேட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சம்மதத்துடன் வாங்கிய வாட்ஸப் எண்கள் இருநூறு, பெயர் தெரியாத இரண்டு லட்சம் பார்வைகளைவிடப் பெரிய சொத்து. அடுத்த கச்சேரிக்கு அழைத்தால் அந்த இருநூறு பேரில் சிலராவது வருவார்கள்.

கடைசியாக, வக்கீல் என்ற முறையில் ஒரு வார்த்தை. தன் பெயரில் இல்லாத நிலத்தில் வீடு கட்டாதே என்பார்கள். உரிமை தெளிவாகாத பாட்டுக்கும் விளம்பரம் செய்யாதீர்கள். 2021 மார்ச்சில் வெளிவந்து உலகத் தமிழரெல்லாம் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யை நினையுங்கள். அதனால் தமக்கு வருமானமே கிட்டவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாகக் கூறினார். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. புகழும் வருமானமும் வெவ்வேறு வாசல் வழியாக வருவன என்பதை மட்டும் அறிந்துகொள்வோம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். 2012-ல் செய்யப்பட்ட திருத்தம், பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ராயல்டிப் பங்கைப் பறிகொடாதபடி பாதுகாத்திருக்கிறது. எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், டோலக் வாசித்தவர் ஆகியோரிடையே பங்கு இன்னதென்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட அரைமணி போதும். சிநேகிதத்துக்கு அதனால் குறைவு வராது. எழுதாமையால்தான் சிநேகிதம் முறிகிறது.

இனி நமது நண்பருக்கு விடை கூறலாம். தம்பி, விளம்பரம் செய்யுங்கள். ஆனால் முதல் காரியம் அந்தத் தாள். அதற்குப் பணம் வேண்டாம். அடுத்து, பாட்டின் இரு வெவ்வேறு பகுதிகளை ஐந்நூறு ஐந்நூறு ரூபாயில் உங்கள் பேட்டையிலேயே சில நாள் சோதித்துப் பாருங்கள். பார்வையை எண்ணாதீர்கள்; முழுதும் கேட்டவர், சேமித்தவர், நண்பனுக்கு அனுப்பியவர், எண்ணைக் கொடுத்தவர், இவர்களை எண்ணுங்கள். இரண்டில் எது நின்றதோ அதற்கு மேலும் இரண்டாயிரம் செலவிடலாம். இரண்டுமே நிற்காவிட்டால் குற்றத்தை விளம்பரத்தின் மேல் சுமத்தாமல், பாட்டை மீண்டும் கட்டுங்கள். மீதி இரண்டாயிரத்தை விளம்பரத்துக்குக் கொடுக்கவே வேண்டாம். அதைக் கொண்டு உங்கள் தெருவில் ஒரு ஞாயிறு மாலை ஒலிபெருக்கி வைத்து, சேர்ந்தவர்களையெல்லாம் அழைத்துப் பாடுங்கள்.

தெருவாருக்கும் ஒரு வேண்டுகோள். கோயில் திருவிழாவுக்கும் மாதா கோயில் விழாவுக்கும் சங்கத்து ஆண்டு விழாவுக்கும் வெளியூர்க் குழுவுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கை உங்கள் தெருப் பிள்ளைக்குக் கொடுங்கள். நீங்கள் அவனுக்குச் செவி கொடுத்தால், அவன் அதை அயலூர்க் கம்பெனியிடம் விலைக்கு வாங்க வேண்டிய அளவு குறையும். அந்த ஞாயிறு மாலைக்கு நம்மையும் அழைத்தால் கட்டாயம் வருவோம்.