நன்கொடை அச்சுவேலையும் தேர்தல் செலவுக் கணக்கும் (இங்கிலாந்து)

இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் வேட்பாளருக்கு ஓர் அச்சகம் துண்டறிக்கைகளை இலவசமாக அடித்துக் கொடுத்தாலும், அவற்றின் சந்தை விலை அவருடைய தேர்தல் செலவாகவே கொள்ளப்படும். இதைக் கற்பிதச் செலவு எனலாம். 1983ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதற்கு அடிப்படை.

செலவு வரம்பு சிறியது என்பதால்தான் இந்த விதி முக்கியமாகிறது. 2023 இறுதியில் உயர்த்தப்பட்ட பிறகும், தனியாக நிற்கும் வேட்பாளருக்கு 960 பவுண்டும் வாக்காளர் ஒருவருக்கு 8 பென்சும்தான் வரம்பு. வார்டில் 4,000 வாக்காளர்கள் இருந்தால் மொத்தம் 1,280 பவுண்டு. அச்சக முதலாளியை நண்பராகப் பெற்றவர் கணக்கில் காட்டாமல் வீடுவீடாகத் தாள் போட முடிந்தால் இந்த வரம்புக்குப் பொருளே இராது.

சலுகை விலையும் இதில் அடங்கும். தள்ளுபடி 10 விழுக்காட்டுக்கு மேலும், விலை வித்தியாசம் 50 பவுண்டுக்கு மேலும் இருந்தால் அந்த வித்தியாசம் செலவில் சேரும். 400 பவுண்டு வேலையை 100 பவுண்டுக்கு முடித்துக் கொடுத்தால், கொடுத்த 100, கொடுக்காத 300 இரண்டையும் எழுத வேண்டும். அதே 300 பவுண்டு நன்கொடையும் ஆகிறது. 50 பவுண்டுக்கு மேற்பட்ட நன்கொடை என்பதால், கொடுத்தவர் சட்டம் அனுமதிக்கும் நன்கொடையாளரா என்று வேட்பாளர் பார்த்தாக வேண்டும். பிரிட்டனில் வாக்காளர் பட்டியலில் உள்ளவரும், அங்கே பதிவாகித் தொழில் நடத்தும் நிறுவனமும் அத்தகையோர். எல்லா வாடிக்கையாளருக்கும் கிடைக்கும் வழக்கமான தள்ளுபடி நன்கொடை ஆகாது.

உழைப்பின் நிலை வேறு. நண்பர் ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி வாசகம் எழுதித் தந்தாலோ, தாள்களை விநியோகித்தாலோ அது செலவில் சேராது. தாளுக்கும் மைக்கும் மட்டும் விலை உண்டு. இந்த வேறுபாடு நியாயமானதே; இல்லையேல் தொண்டர் நடந்த நடைக்கும் விலை போட வேண்டியிருக்கும்.

வேட்பாளர் கேட்காமலே ஒருவர் உதவினால்? 2015 பொதுத்தேர்தலில் தெற்குத் தானெட் தொகுதி தொடர்பாக எழுந்த வழக்கில், கற்பிதச் செலவுக்கு வேட்பாளரின் ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. அதன்படி, தாம் அறியாத உதவிக்கும் பொறுப்பேற்க நேருமோ என்ற அச்சம் வேட்பாளர்களுக்கு எழுந்தது. 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் அதை மாற்றியது. வேட்பாளரோ அவருடைய முகவரோ தாமே பயன்படுத்திய, அல்லது பயன்படுத்தச் சொன்ன, ஊக்குவித்த, அனுமதித்த உதவி மட்டுமே இப்போது கணக்கில் வரும்.

இலவசமாக அடித்த தாளிலும் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.